மாத்திரையை உடைக்கலாமா?



எங்க தாத்தாவுக்கு சர்க்கரை வியாதி. மாத்திரை பெரிசா இருக்குது, தொண்டையில நிக்குதுன்னு சொல்லுவார். அதனால எங்க ஆயா அதைக் கரண்டியால நசுக்கி, கஞ்சியில கலந்து கொடுத்தாங்க. நாலைந்து நாளாக தாத்தாவுக்கு ஒரே வயிற்றுப் பிரட்டல், வயிற்றுப்போக்கு. வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா மாத்திரை அட்டையைப் பார்த்துட்டு, "ஆயா, இதை நசுக்கவே கூடாது, முழுசா விழுங்கணும்" என்றாங்க. ஏன் என்று கேட்டேன். அவங்க சொன்னதையும், எங்க அறிவியல் டீச்சர் விளக்கியதையும் இங்கே எழுதுகிறேன்.

மாத்திரைக்குள் கஞ்சி!

மாத்திரை முழுவதும் மருந்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மருந்துத் தூளை ஒட்டிப் பிடிக்க மாவுச்சத்து போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். நம்ம ஊர்ல பாவுக்குக் கஞ்சி போடுறோம் இல்லையா? கஞ்சி போட்டாத்தான் நூல் பிசிறில்லாம, அறுக்காம தறியில ஓடும். அதே வேலைதான் மாத்திரையிலும். இன்னொரு வேலையும் உண்டு. உலர்ந்த மாவுச்சத்து தண்ணீர் பட்டதும் உப்பி, மாத்திரையை உடைத்துவிடும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. இப்படிப்பட்ட நீளச் சங்கிலிக்குத்தான் பாலிமர் (பலபடி) என்று பெயர்.

மாத்திரைக்குள் நூல்!

தாத்தாவின் மாத்திரை மெட்ஃபார்மின். அதில் மெதுவாக மருந்தை விடும் வகை. இந்த வகையில் பெரும்பாலும் ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமர் இருக்கும். அதை செல்லுலோஸில் இருந்து செய்கிறார்கள். நம் தறியில் ஓடும் பருத்தி நூலும் செல்லுலோஸ்தான்! இந்த பாலிமர் வயிற்றில் ஈரம் பட்டதும் ஜெல்லி மாதிரி உப்பிக்கொள்ளும். மருந்து அதிலிருந்து பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நசுக்கினால் ஜெல்லி உருவாகாது. நாள் முழுக்க வர வேண்டிய மருந்து மொத்தமாக வந்துவிடும். தாத்தாவுக்கு நடந்தது இதுதான்.

டீச்சர் வகுப்பில் செய்து காட்டினாங்க. ஒரு டம்ளர் தண்ணீரில் பாராசிட்டமால் போட்டாங்க, கொஞ்ச நேரத்தில் தூளாகிவிட்டது. இன்னொரு டம்ளரில் தாத்தாவின் மாத்திரை போல ஒன்று. பள்ளிக்கூடம் விடும்போதும் அது வழவழ என்று உப்பி முழுசாவே இருந்தது.

சில வலி மாத்திரைகளுக்கு வேறு ஒரு பாலிமர் பூச்சு உண்டு. அது இரைப்பை அமிலத்தில் கரையாது, குடலில்தான் கரையும். உடைத்தால் அந்தக் காவல் போய்விடும்.

கொழுப்பும் உதவும்

சில மருந்துகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அங்கன்வாடியில் சின்னப் பிள்ளைகளுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை தரும் வைட்டமின் ஏ மருந்தை எண்ணெயில் கரைத்திருப்பது அதனால்தான்.

1964ஆம் ஆண்டு இங்கிலாந்து விஞ்ஞானி அலெக் பாங்கமும் அவருடைய கூட்டாளியும் ஒன்றை வெளியிட்டார்கள். சில கொழுப்புப் பொருள்கள் (லிப்பிட்டுகள்) தண்ணீரில் தானாகவே குட்டிக் குட்டிக் குமிழ்களாக மாறுகின்றன என்பதே அது. அதற்கு லிப்போசோம் என்று பெயர். அந்தக் குமிழில் மருந்தை வைத்து அனுப்பலாம்.

2021ல் கொரோனா சமயத்தில் கருப்புப் பூஞ்சை நோய் வந்ததே, அதற்குக் கொடுத்த ஆம்போடெரிசின் பி ஊசி ஒரு நல்ல உதாரணம். அது பூஞ்சையைக் கொல்லும், ஆனால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கொழுப்புக் குமிழில் வைத்துக் கொடுத்தால் சிறுநீரகத்துக்கு வரும் கெடுதல் குறைகிறது. மருந்து அதேதான், வண்டிதான் வேறு!

நாம் செய்ய வேண்டியது

1. அட்டையில் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் நசுக்காதீர்கள், மெல்லாதீர்கள்.
2. நடுவில் கோடு இருந்தாலும் கேட்காமல் உடைக்காதீர்கள்.
3. எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையை (அல்பெண்டசோல்) மென்றுதான் சாப்பிட வேண்டும்.
4. விழுங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு வகை தருவார்.

எங்க தாத்தாவுக்கும் டாக்டர் மாற்றிக் கொடுத்தார், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் ஆயா, "எழுத்து தெரியாததால நானே கெடுத்துட்டேனே"ன்னு அழுதாங்க. அட்டையில் எஸ்.ஆர். என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் ஒரு நாள்கூட எடுத்துப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க தாத்தா, ஆயா சாப்பிடுற மாத்திரை அட்டையை எடுத்துப் படிச்சுப் பாருங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி