அப்பாவின் காரில் கீறல் விழுந்துவிட்டதா?

* அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறுநாள் கார் துடைக்கும்போது அவரே பார்த்தால், கீறலைவிட மறைத்ததுதான் அவருக்கு வலிக்கும்.

* "எப்படியோ கீறல் விழுந்திருக்கு" என்று மழுப்பாமல், "ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடிச்சிட்டேன்ப்பா" என்று நேராகச் சொல்லுங்கள்.

* அடுத்தவர் வண்டியில் இடித்திருந்தால், நிற்காமல் போகாதீர்கள். பெயர், போன் நம்பர், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, போட்டோவும் எடுத்துவையுங்கள்.

* இன்சூரன்ஸ் க்ளெய்ம் செய்வதானால், பழுது பார்க்கும் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

* சின்னக் கீறலுக்கு அவசரப்பட்டு க்ளெய்ம் செய்ய வேண்டாம். சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி தரும் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். டிங்கரிங், பெயின்டிங் செலவை விசாரித்து, அந்தத் தள்ளுபடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

* செலவில் உங்களால் முடிந்த பங்கைக் கொடுங்கள்.

பெற்றோரே, உண்மையைச் சொன்ன பிள்ளையிடம் "உனக்கு அடி ஒண்ணும் படலையே?" என்று முதலில் கேளுங்கள்.