முதல் தடவை 287: இன்னொரு வருடம் படிக்க வைக்கலாமா?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறோம். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தாள். 2025 நீட் தேர்வை முதல் தடவை எழுதி 287 வாங்கியிருக்கிறாள். உயிரியல் 212, வேதியியல் 52, இயற்பியல் 23. அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் நீட்டுக்கென்று உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டாவது தடவை எழுதி 450 வாங்கிவிட்டாள். "நமக்கு இது எட்டாது, போன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அங்கே சேரட்டும்" என்கிறார் இவர். என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஒரகடம்

பதில்: படிக்க வையுங்கள் அம்மா. இதே 287-ஐ இரண்டு வருடம் முழுமூச்சாகப் படித்து வாங்கியிருந்தால் நான் யோசித்திருப்பேன். நாலு மாதத்தில், பொதுத்தேர்வையும் சேர்த்துப் படித்துக்கொண்டே வாங்கியது இது.

பக்கத்து வீட்டுக் கணக்கை விடுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுபடி எழுதியவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம், 2020-21-ல் 71.42 சதவீதம். முதல் தடவை எழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளை இவர்களோடுதான் மோதுகிறது. இது நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் விண்ணப்பம் போடும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் ஆகவேண்டும்.

அந்த 23-ஐ உற்றுப் பாருங்கள். 45 இயற்பியல் கேள்விகளில் எத்தனை சரி, எத்தனை தவறு? தேர்வு முகமை விடைத்தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் தருகிறது. மகளை எண்ணச் சொல்லுங்கள். 12 சரி, 25 தவறு என்று வந்தால், சரிக்கு நாலு வீதம் 48-லிருந்து தவறுக்கு ஒன்று வீதம் 25 போக 23. கண்ணை மூடிக் குறித்தாலே நாலில் ஒன்று சரியாகும். 37 குறித்தால் ஒன்பது சரியாக வரும். அவள் 12 வாங்கியிருக்கிறாள் என்றால் இயற்பியலை இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று பொருள். வராத பாடம் வேறு, படிக்காத பாடம் வேறு. 360-க்கு 212 உயிரியல் வாங்கியவளுக்குப் படிப்பு வராது என்று யாரும் சொல்ல முடியாது.

2025-ல் இயற்பியல் தாள் கடினம். நாட்டிலேயே முதலிடம் 686 தான். முந்தைய வருடம் 720-க்கு 720 வாங்கியவர்கள் பலர். அதனால் மதிப்பெண்ணைவிட தரவரிசையைப் பாருங்கள். அதிலும் உங்கள் மகளுக்கு முக்கியம் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுப் பட்டியல். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் அது உண்டு. மறுபடி எழுதினாலும் போகாது. இந்த வருடக் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

"கம்பெனிக்கும் போகட்டும், படிக்கவும் செய்யட்டும்" என்பது மட்டும் வேண்டாம். எட்டு மணி நேரம் லைனில் நின்று, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளை ராத்திரி இயற்பியல் கணக்கில் எப்படி உட்காரும்? பணம் இடித்தால், முதல் மூன்று மாதம் வீட்டிலிருந்தே பதினொன்றாம் வகுப்பு இயற்பியலையும் வேதியியலையும் முடிக்கட்டும். பிறகு முழுத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதி, இயற்பியல் 23-லிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டலாம். நீங்கள் இருவரும் மாறி மாறி நைட் ஷிஃப்ட் போய்ப் பகலில் தூங்கும் வீடென்றால், பகலில் அவளைக் கிளை நூலகத்துக்கு அனுப்புங்கள்.

பி.எஸ்சி. நர்சிங், கால்நடை மருத்துவம் இரண்டுக்கும் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கின்றன. அந்த விண்ணப்பங்களையும் இப்போதே போட்டு வையுங்கள்.