மாவ்ஷியைத் தேடி அழட்டும்

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கும் தமிழ்த் தம்பதி. மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’ வழியாக, புனேயில் ஒரு தத்தெடுப்பு மையத்தில் வளரும் இரண்டரை வயதுப் பெண் குழந்தை எங்களுக்கு அமைந்திருக்கிறாள். மாவட்ட ஆட்சியரின் உத்தரவு வந்துவிட்டது. அடுத்த மாதம் போய் அழைத்துவரப் போகிறோம். அவளுக்கு மராத்தி மட்டும்தான் புரியும். நேராகச் சொந்த ஊரான திண்டுக்கல் வந்து, குலதெய்வம் கோயிலில் முடியிறக்கி, காது குத்தி, சொந்தபந்தங்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். அவள் எங்களிடம் வராமல் அழுதுகொண்டே இருந்தால் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அழத்தான் செய்வாள். பயப்படாதீர்கள். இதுவரை அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்தவர்கள் மையத்தின் பணிப்பெண்கள். அங்கே குழந்தைகள் அவர்களை ‘மாவ்ஷி’ என்பார்கள். நம் ஊர்ச் சித்திதான். உங்களுக்கு மகள் கிடைக்கும் அதே நாளில், தெரிந்த முகம், வாசனை, பாஷை அத்தனையும் அவளைவிட்டுப் போகிறது. மாவ்ஷியைத் தேடி அழுகிற குழந்தைக்குப் பாசம் வைக்கத் தெரிந்திருக்கிறது. நாளாக நாளாக அந்தப் பாசம் உங்கள் மேலும் வரும். அழாமல், முகம் மரத்து, யார் தூக்கினாலும் போகிற குழந்தையிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். ‘எவ்வளவு சமத்து’ என்று பார்ப்பவர்கள் மெச்சுவது பல நேரம் அந்தத் திகைப்பைத்தான்.

புனே போன அன்றே தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். மையத்தில் கேட்டு, சில நாட்கள் அங்கேயே போய் உட்காருங்கள். மாவ்ஷி பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் ஊட்டுங்கள். விளக்கு எரிந்தால் தூங்குவாளா, தட்டிக்கொடுத்தால் தூங்குவாளா, பருப்புச் சோற்றை எவ்வளவு குழைத்துச் சாப்பிடுவாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவள் போர்த்திய துணி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், துவைக்க வேண்டாம். மாவ்ஷியோடு அவளைப் படம் எடுத்துவையுங்கள். வளர்ந்த பிறகு அவளுடைய முதல் இரண்டரை ஆண்டுகளுக்கு அதுதான் சாட்சி. ‘பாணி’ என்றால் தண்ணீர். ‘மீ இதே ஆஹே’ என்றால் நான் இங்கேதான் இருக்கிறேன். இப்படிப் பத்து வாக்கியம் போதும், இன்றே பழகுங்கள்.

அழைத்து வந்த பிறகு அவள் உலகம் சின்னதாக இருக்கட்டும்: ஓர் அறை, நீங்கள் இருவர், தினமும் ஒரே வரிசையில் சாப்பாடு, குளியல், தூக்கம். இந்த மூன்றையும் வேறு யாரும் செய்யக் கூடாது. கூப்பிட்டால் உடனே ஆள் வராத இடத்தில் வளர்ந்த குழந்தை, இரவில் விழித்தாலும் சத்தமில்லாமல் கிடக்கும். அவள் கூப்பிடாவிட்டாலும் நீங்கள் போய்த் தொடுங்கள். பிஸ்கட்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டே தூங்கினால் பிடுங்காதீர்கள். சின்ன டப்பா ஒன்றில் தின்பண்டம் போட்டு அவள் எட்டும் இடத்தில் வையுங்கள்.

உங்கள் கணவரைக் கண்டு அவள் மிரளலாம். பெண்கள் மட்டுமே பார்த்துக்கொண்ட குழந்தைக்கு ஆண் குரலே புதிது. அவர் மனம் தளராமல், தரையில் உட்கார்ந்து, அவள் பக்கம் பந்தை உருட்டிவிடட்டும். அவளாக வரும்வரை தூக்க வேண்டாம்.

தத்தெடுத்த குழந்தைக்கு அமெரிக்கா தரும் ஐ.எச்-3 விசாவுக்கு டெல்லி போக வேண்டியிருக்கும். மருத்துவப் பரிசோதனையில், இரண்டு வயது தாண்டிய குழந்தை என்பதால் காசநோய்க்காக ரத்தமும் எடுப்பார்கள். ஊசி குத்தும்போது அவள் உங்கள் மடியில் இருக்க வேண்டும். வெளியே நிற்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த விசாவில் அமெரிக்காவுக்குள் நுழைந்ததும், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அவள் அந்நாட்டுக் குடிமகள்.

இப்போது அம்மாவின் ஆசைக்கு வருகிறேன். ஊர் மாறி, ஆள் மாறி நிற்கும் குழந்தையின் தலையில் கத்தியையும் காதில் ஊசியையும் அந்த வாரமே வைப்பது கொடுமை. அவள் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முகம்கூட மாறிவிடும். சாமி காத்திருக்கும். அடுத்த வருடம், உங்கள் தோளில் சாய்ந்தபடி கூட்டத்தைப் பார்க்கும் தைரியம் வந்த பிறகு, எல்லாம் செய்யலாம். அம்மா புனேக்கு வரட்டும். குழந்தையைத் தூக்காமல், உங்கள் இருவருக்கும் சமைத்துப் போடட்டும். அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அவள் பெயரையும் மாற்றாதீர்கள். அவள் கையோடு கொண்டுவரும் சொத்து அது ஒன்றுதான்.

கடைசியாக, உங்களைப் பற்றி. பார்த்ததும் பாசம் பொங்காவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். தத்தெடுத்த தாய்க்கும் மனச்சோர்வு வரும், மருத்துவரிடம் சொல்லலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ‘காரா’வுக்கு முன்னேற்ற அறிக்கை போகும்: முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளரிடம் ‘எல்லாம் நலம்’ என்று மழுப்பாமல், கஷ்டத்தையும் சொல்லுங்கள். சில மாதங்கள் கழித்தும், கீழே விழுந்து அடிபட்டால் உங்களைத் தேடாமல் இருந்தால், குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் போனால் சீக்கிரம் சரியாகும்.