சி மொழி நூலகங்களில் சுவடு பதித்தல்

தாம் செய்யுந் தொழிலிற் பிழை நேராதென்று எண்ணித் தொடங்குவோர் பலர். பிழை நேருமென்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அது நேருங்கால் அதன் இருப்பிடத்தை அறிதற்குரிய வழியையும் உடன் அமைத்துவைப்போர் சிலரே. கணிப்பொறிக்கு நிரல் எழுதுந் தொழிலிலும் இவ்விரு திறத்தாரையும் காணலாம். பின்னவர் கையாளும் முறைகளுள் ஒன்று சுவடு பதித்தல் என்பது. சி என்னும் மொழியில் இயற்றப்பெறும் நூலகங்களில் அதனை அமைக்குமாறு எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சி மொழி அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவரால் 1972-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கப்பெற்றது. சொற்சுருக்கமும் விரைவும் உடையது. நினைவகத்தை நேரே தொட்டு ஆளுதற்கு நிரலருக்கு இடங்கொடுப்பது. இடங்கொடுத்த அளவிற்குப் பிழைக்கும் வாயில் திறந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். இம்மொழியில் ஒருவர் எழுதிய செயற்கூறுகள் பலவற்றைப் பிறர் தம் நிரலோடு இணைத்துக்கொள்ளும்படி தொகுத்து வழங்குவதே நூலகம் எனப்படும். லைப்ரரி என்பதும் இதுவே. புத்தகங்கள் வைக்கும் நூலகத்திற்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எழுதியவர் ஓரிடத்தும் பயன்கொள்வார் வேறிடத்தும் இருப்பர். பெரும்பாலும் ஒருவரையொருவர் கண்டிரார்.

இடர்ப்பாடு தோன்றுவது இங்கேதான். கோப்பு ஒன்றைத் திறந்து, அதிலுள்ள எண்களை வரிவரியாகப் படித்து, அவற்றின் கூட்டுத்தொகையைத் தரும் சிறு நூலகம் ஒன்றை நாம் இயற்றினோம் என்று கொள்வோம். நம் பொறியில் அது பழுதின்றி இயங்குகின்றது. வேற்றூரில் அதனைப் பயன்கொள்வார் ஒருவர், ‘தொகை தவறாக வருகின்றது’ என்று மட்டும் நமக்கு எழுதுகின்றார். அவருடைய கோப்பு நம்மிடம் இல்லை. அவருடைய பொறி நம் கண்முன் இல்லை. நிரலை இடையிடையே நிறுத்தி ஆராயும் டீபக்கர் என்னுங் கருவி நம் மேசைக்கு உதவுமேயன்றி அவ்வூருக்கு எட்டாது. நம் நிரல் எச்செயற்கூற்றினுட் புகுந்தது, எம்மதிப்பைப் பெற்றது, எதனைத் தந்து மீண்டது என்பவற்றைத் தானே எழுதிவைத்துச் செல்லுமாயின், அவ்வெழுத்தைக்கொண்டு பிழையைப் பின்தொடரலாம். ஈரமணலிற் பதிந்த குளம்படியைக்கொண்டு தப்பிய மாட்டைத் தேடுவது போல்வது இது. இவ்வாறு நிரல் தன் போக்கைத் தானே பதிந்து செல்லுதலையே சுவடு பதித்தல் என்கின்றோம். ஆங்கிலத்தார் ட்ரேஸ் என வழங்குவர்.

இனி, அச்சுவட்டில் இருக்கவேண்டுவன யாவை எனின் கூறுவாம். புதிதாகக் கற்போர், ‘இங்கே வந்தது’, ‘மறுபடியும் வந்தது’ என்று திரையில் எழுதச்செய்து, பின்பு எவ்விடத்து வந்ததென்று தாமே மயங்குவர். ஒவ்வொரு பதிவும் தன் பிறப்பிடத்தைத் தானே சொல்லவேண்டும். இதற்கு வேண்டிய வசதியைச் சி மொழியே தருகின்றது. கோப்பின் பெயரையும் வரியின் எண்ணையும் கம்பைலரே நிரப்பித் தரும் முறை 1989-ஆம் ஆண்டின் தரநூலில் உள்ளது. செயற்கூற்றின் பெயரைத் தரும் முறையும், எண்ணிக்கை வரையறுக்கப்படாத மதிப்புகளை ஏற்கும் மேக்ரோவும் 1999-ஆம் ஆண்டின் தரநூலாற் கிடைத்தன. மேக்ரோவாவது, கம்பைலர் தன் வேலையைத் தொடங்குமுன் விரித்தெழுதப்படும் ஒரு சுருக்கம். இவற்றைக்கொண்டு ஒரே மேக்ரோ அமைத்து, வேண்டிய இடந்தோறும் இட்டால், ‘42-ஆம் வரி, எண்ணைப் படிக்குஞ் செயற்கூறு, பெற்ற மதிப்பு 7’ என்பது போன்ற தெளிவான சுவடு தோன்றும். பிழை, எச்சரிக்கை, செய்தி, நுணுக்கம் எனப் பதிவுகளைப் படிநிலையாகப் பகுத்துவைத்தல் நன்று. வேண்டுவார் வேண்டுமளவிற்கு மட்டும் திறந்து பார்ப்பர்.

நிற்க. தனியே இயங்கும் நிரலுக்கும் நூலகத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஈண்டு மறத்தலாகாது. தனி நிரல் தன் வீட்டிற்குத் தானே தலைவன். நூலகமோ பிறர் வீட்டிற் புகுந்த விருந்தாளி. விருந்தாளி கூடத்தின் நடுவே நின்று உரக்கப் பேசுதல் முறையன்று. பயன்கொள்வாரது நிரல் தன் விடையை வழக்கமான வெளியீட்டு வழியில் எழுதிக்கொண்டிருக்கும். அவ்விடையை மற்றொரு நிரல் வாங்கிப் படித்துக்கொண்டும் இருக்கலாம். அதனிடையே நம் நூலகம் தன் சுவட்டையும் எழுதிவிடுமாயின், விடை முழுதும் கெடும். ஆதலின் நூலகம் கேட்கப்படாதவழி வாய்திறவாதிருத்தல் வேண்டும். கேட்கப்பட்டவழியும், எங்கே பேசுவதென்பதைப் பயன்கொள்வாரே தீர்மானித்தல் வேண்டும்.

அஃது எங்ஙனம் கூடுமெனின், பயன்கொள்வார் தாம் எழுதிய செயற்கூறு ஒன்றின் முகவரியை நூலகத்தினிடம் கொடுத்துவைப்பர். சுவடு தோன்றும்போதெல்லாம் நூலகம் அச்செயற்கூற்றை அழைத்துச் செய்தியை ஒப்படைக்கும். அதனைத் திரையில் எழுதுவதோ, கோப்பிற் சேர்ப்பதோ, வாளா விடுவதோ அவர் விருப்பம். முகவரி கொடுக்கப்படாதவழி நூலகம் மௌனமாயிருக்கும். ரிச்சர்டு ஹிப் என்பார் சி மொழியில் இயற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள நூலகம் இம்முறையையே மேற்கொண்டுள்ளது. அதில் ஒவ்வோர் இணைப்பிற்கும் தனித்தனியே சுவடு கேட்கலாம். எவ்வகை நிகழ்ச்சிகளுக்குச் சுவடு வேண்டுமென்பதையும் தெரிந்து சொல்லலாம். பயன்கொள்வார் தமக்குரிய குறிப்பொன்றையும் உடன் கொடுத்துவைத்து, அழைப்பு வரும்போது திரும்பப் பெறலாம். பொதுவிடத்தில் ஒரே மாறியை வைத்து எல்லோர்க்கும் ஒருங்கே திறப்பதினும் மூடுவதினும் இது பெரிதும் சிறந்தது.

இனிச் சுவடு பதிப்போர் காக்கவேண்டிய நெறியொன்று உளது. சுவடு நிரலின் போக்கைக் காட்டவேண்டுமேயன்றி மாற்றுதல் கூடாது. இது கேட்டற்கு எளிது; காத்தற்கு அரிது. மாற்றும் வழிகள் சிலவற்றை எடுத்துக் காட்டுவாம்.

முதலாவது, பிழையெண். சி மொழியில் ஒரு செயல் தவறியபோது அதன் காரணம் எர்னோ என்னும் மாறியில் எண்ணாக வைக்கப்படும். நம் நூலகம் கோப்பைத் திறக்க முயன்றது; கோப்பு இல்லை; அதற்குரிய எண் எர்னோவில் அமர்ந்தது. உடனே நாம் சுவடு எழுதுகின்றோம். சுவடு செல்லும் வட்டில் இடமில்லாது போகவே அவ்வெழுத்தும் தவறியது; எர்னோவில் இப்போது ‘இடமில்லை’ என்னும் எண் அமர்ந்தது. பயன்கொள்வாரோ கோப்பைத் தேடாது வட்டைத் துப்புரவு செய்யத் தொடங்குவர்! வழிகாட்ட வந்ததே வழிகெடுத்தது. ஆகலின் சுவடு எழுதுமுன் எர்னோவின் மதிப்பை எடுத்துவைத்து, எழுதியபின் மீண்டும் அவ்விடத்தே வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, மேக்ரோவினுள் மறைந்து நிகழுஞ் செயல். படித்த வரிகளின் எண்ணிக்கையைக் காட்ட விரும்பி, அவ்வெண்ணிக்கையை ஒன்று கூட்டுஞ் செயலையும் சுவட்டின் அடைப்பிற்குள்ளேயே ஒருவர் எழுதிவிட்டார் எனக் கொள்வோம். சுவடு திறந்திருக்கும்போது கணக்குச் சரியாக வரும். வெளியீட்டிற்காகச் சுவட்டை நீக்கிக் கம்பைல் செய்தவுடன் கூட்டுஞ் செயலும் உடன் மறையும். எண்ணிக்கை பூச்சியத்திலேயே நிற்கும். பிழையைத் தேடச் சுவட்டைத் திறந்தால் பிழை ஓடிவிடும், மூடினால் திரும்பிவரும். ஆதலின் சுவட்டின் அடைப்பினுள் மதிப்பைப் பார்த்தல் தகும். மாற்றுதல் ஒருபோதும் தகாது.

மூன்றாவது, மேக்ரோவின் வடிவம். இரண்டு கட்டளைகள் கொண்ட மேக்ரோவை, அடைப்புக்குறியில்லாத ‘இஃப்’ ஒன்றின்கீழ் இட்டால் முதற்கட்டளை மட்டுமே நிபந்தனைக்கு உட்படும். இரண்டாவது எந்நிலையிலும் நிகழும். இதனைத் தவிர்த்தற்கு, ஒருமுறையே சுழலும் ‘டூ-வைல்’ சுழலுக்குள் கட்டளைகளை அடக்கி மேக்ரோ அமைப்பது சி நிரலரிடை நெடுநாள் வழக்கு. அங்ஙனம் அடக்கியவழி அஃது ஒரே கட்டளையாக நடக்கும்.

சுவட்டை நீக்கும் முறையிலும் கருத்து வேண்டும். நிபந்தனைக் கட்டளையால் சுவட்டு வரிகளைக் கம்பைலர் கண்ணிற் படாமலே மறைத்துவிடின், அவை கவனிப்பாரற்றுத் துருப்பிடிக்கும். ஓராண்டு கழித்துத் திறக்கும்போது, அதனுள் வரும் மாறியின் பெயர் மாறியிருக்கும். நிரல் கம்பைலே ஆகாது. கெர்னிகன், பைக் என்னும் இருவர் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட நிரலாக்க நூலில் இதற்கு நல்ல மாற்று கூறியுள்ளனர். மதிப்பு மாறாத எண் ஒன்றைச் சாதாரண ‘இஃப்’ கட்டளையில் வைத்துச் சுவட்டைக் காத்தால், அவ்வெண் பூச்சியமாகும்போது கம்பைலர் அப்பகுதிக்குரிய பொறிக்கட்டளைகளை எழுதாது விடலாம். ஆயினும் அதன் இலக்கணத்தை ஒவ்வொரு முறையும் சோதித்துவிடும். கடவுச்சொல் முதலிய மறைபொருள்களைச் சுவட்டில் எழுதலாகாதென்பதும் ஈண்டே நினைவிற் கொள்ளத்தக்கது. சுவட்டுக்கோப்பு பலர் கைக்கு மாறும் இயல்பினது.

நான்காவதாகிய காலத்தைப் பற்றி ஒரு மெய்ந்நிகழ்ச்சியாற் கூறுவாம். பல பணிகள் ஒருங்கே நடக்கும் நிரலில், சுவட்டை உடனுக்குடன் திரையிலோ கோப்பிலோ எழுதினால் அந்நேரத்தால் பணிகளின் முன்பின் முறை மாறும். தேடிய பிழை தோன்றாமலே போகும். இதற்கு மருந்து, நினைவகத்தில் அளவுபட்ட இடமொன்றை வட்டமாகக் கொண்டு, பழையதன்மேற் புதியதை எழுதிச்செல்லுதல். பிழை நேர்ந்தவுடன் எழுதுவதை நிறுத்தி அவ்வட்டத்தை எடுத்துப் படித்தல்.

1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் மார்ஸ் பாத்ஃபைண்டர் என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களுக்குள் அதன் கணிப்பொறி தன்னைத்தானே மீளத் தொடங்கலாயிற்று. அவ்வாறு நேர்ந்தபோதெல்லாம் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளப்பட்டன. கோடிக்கணக்கான கல் தொலைவிலுள்ள பொறியை எவர் சென்று ஆராய்வது? நல்வினையாக, அதன் நிரலாளர் முன்னரே சுவடு பதிக்கும் அமைப்பொன்றை இயற்றியிருந்தனர். விண்கலம் கொண்ட விஎக்ஸ்ஒர்க்ஸ் என்னும் இயக்கமுறைமையின் நூலகச் செயற்கூறுகளிலேயே, பணிகளிடைச் செய்தி கொண்டுசெல்லும் பகுதியிலும் காத்திருக்கச் செய்யும் பகுதியிலும், அச்சுவடு பதிக்கப்பட்டிருந்தது. வட்டமாக எழுதிச்செல்லும் முறையே அங்குங் கையாளப்பட்டது. இப்பிழை நேர்ந்தால் சுவட்டை நிறுத்தி வெளியிடும்படியும் நிரல் முன்னரே எழுதப்பட்டிருந்தது. அப்பெருந்தொகுதியைச் செவ்வாயிலிருந்து பெறுதல் இயலாது. எனினும் கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில், நிரலில் ஒன்றையும் மாற்றாமலே அதே பணிகளைத் திரும்பத் திரும்ப நடத்தினர். 18 மணி நேரத்திற்குள் அதே பிழை அங்கும் நேர்ந்தது, சுவடும் கிடைத்தது.

சுவடு காட்டிய உண்மை இது. வானிலை அறியும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒன்று, நூலகச் செயற்கூற்றின் உள்ளே மறைந்திருந்த பூட்டொன்றைக் கைக்கொண்டது. அதனை விடுமுன் இடைத்தரப் பணிகள் குறுக்கிட்டு அதனை நிறுத்திவைத்தன. அப்பூட்டிற்காக உயர்ந்த முன்னுரிமைப் பணி வீணே காத்துநின்றது. குறித்த காலத்தில் அப்பணி முடியாமை கண்டு, கண்காணிக்கும் பணி பொறியை மீளத் தொடங்கச் செய்தது. பூட்டை வைத்திருக்கும் பணிக்குக் காத்திருப்பதன் முன்னுரிமையை அளிக்கும் வசதி அந்நூலகத்திலேயே இருந்தது, மூடப்பட்டிருந்தது. பூமியிலிருந்து சிறு மாற்றமொன்றை அனுப்பி அதனைத் திறந்தனர், பிழை நீங்கியது.

மாணவ நண்பர்களே! பூட்டு, நிரலாளர் தாமே எழுதிய வரிகளில் இல்லை. தாம் அழைத்த நூலகத்தின் உள்ளே இருந்தது என்பதைக் கருதுங்கள். அந்நூலகத்தில் சுவடு இல்லாதிருப்பின் அவர் தம் வரிகளையே நாட்கணக்கில் உற்றுநோக்கி இளைத்திருப்பர். நாம் இயற்றும் சிறு நூலகத்தையும் நாம் அறியாத ஒருவர், நாம் காணாத இடத்தில் நம்பி அழைக்கப்போகின்றார். அங்கே பிழை நேரும்போது நாம் உடனிருத்தல் இயலாது. நாம் பதித்த சுவடே நமக்குப் பதிலாய் அவர்க்கு விடை கூறும். ஆகவே நிரல் முற்றிய பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளா இராமல், முதற்செயற்கூற்றை எழுதும் நாளிலேயே அதற்குரிய சுவட்டையும் உடன் எழுதுவோமாக.