முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் பிள்ளை



நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது எண்ணெய்த் தன்மையுள்ளதாகையால் உப்பு அதைத் தானாகக் கடக்காது. ஆகவே ஏரிக்கு மதகு வைத்தாற்போல, புரதத்தாலான நுண்ணிய வழிகள் அதில் அமைந்திருக்கின்றன. சோடியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று, குளோரைடுக்கு ஒன்று. வேளையறிந்து திறக்கும், மூடும். மதகு பழுதானால் வயல் என்னவாகும் என்று விவசாயக் குடும்பத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருதயத் துடிப்புத் தடுமாறும் சில நோய்களுக்கும் சிலவகை வலிப்புக்கும் இப்படிப்பட்ட பழுதே காரணம். இங்கே குளோரைடு மதகை மட்டும் பார்ப்போம்.

1948ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரில் கடும் வெப்பம். சோர்ந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோயுள்ளவர்கள் பலர் இருந்தனர். பால் டி சான்ட்அக்னீஸ் என்ற மருத்துவர் இந்நோயுள்ள பிள்ளைகளின் வியர்வையைச் சோதித்தார். அதில் உப்பு மிகுதியாயிருந்ததை 1953இல் வெளியிட்டார். காரணம் 1983இல்தான் விளங்கியது. வியர்வைக் குழாயில் குளோரைடு கடக்க வழியில்லை என்று காட்டியவர் பால் குவின்டன். அவருக்கே இந்நோய் உண்டு. 1989இல் மரபணுவும் கண்டுபிடிக்கப்பட்டது. 1480 கண்ணிகள் கொண்ட அந்தப் புரதச் சங்கிலியில் 508ஆவது கண்ணி ஒன்று இல்லாமற்போவதே மிகச் சாதாரணமான பழுது. சரியாக மடியாத அப்புரதத்தை, சவ்வை எட்டுமுன்னே உயிரணுவே அழித்துவிடுகிறது.

வியர்வை முதலில் உப்பாகவே ஊறும். தோலுக்கு வரும் வழியில் உப்பு திரும்ப உள்ளே எடுக்கப்படும். மதகில்லையேல் அது வெளியே போய்விடும். நுரையீரலிலோ நேர்மாறு. அங்கே உப்பும் அதனோடு நீரும் வெளியே வரவேண்டும்; வராததால் சளி பசையாக இறுகி, கிருமிகள் குடியேறுகின்றன. கணையக் குழாயும் அடைபடும். உண்டது செரிக்காது, பிள்ளை தேறாது.

வெள்ளையர் நோய் என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட இது நம் நாட்டிலும் உண்டு. ஓயாத இருமலையும் ஏறாத எடையையும் பார்த்துக் காசநோய் என்றோ சத்துக்குறைவு என்றோ எண்ணிவிடுவதுண்டு. ஆதலால், பிள்ளையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்று ஒரு தாய் சொன்னால் தள்ளிவிடாதிருங்கள். வியர்வைச் சோதனையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் இந்நோயென்று கொள்ளலாம்.

என்னிடம் வரும் கேள்வி வேறு. "ஐயா, இது யார் செய்த பாவம்?" பழி பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. அது அநியாயம். பழுதான மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்நோய் உண்டாகும். இருவரும் சுகமாயிருப்பார்கள், தங்களிடம் அது இருப்பதையே அறியார்கள். அப்படிப்பட்ட தம்பதியருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று என்பது வாய்ப்பு. சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் நம் சபைகளிலும் உண்டு. அதனால் இவ்வாய்ப்பு கூடும் என்பதை விவாகத்துக்கு முன்னமே சொல்வது நல்லது. யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஆண்டவர் சொன்ன பதிலை அந்த மாமியாரும் வாசிக்கட்டும்.

மதகைத் திறக்கும் முதல் மருந்து 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019இல் மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரை வந்தது. புரதத்தைச் சவ்வுவரை கொண்டுசேர்க்க இது உதவுகிறது. அங்கே அதன் அன்றைய பட்டியல் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கும் மேல். அது எட்டாத பிள்ளைகளுக்குக் கூடுதல் உப்பும், முதுகைத் தட்டிச் சளியை வெளியேற்றும் பயிற்சியும், தொற்று கண்டவுடன் மருந்தும் உண்டு. உப்பும் பயிற்சியும் செலவில்லாதவை. கணைய நொதி மாத்திரையைத்தான் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும், ஆயுள் முழுவதும் வாங்கவேண்டியிருக்கிறது.