மரபணுவுக்கும் கைகாட்டி உண்டு

எஞ்சின் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், கைகாட்டி இறங்காமல் வண்டி ஸ்டேஷனை விட்டு நகராது. உயிரணுவுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். மரபணுவுக்கு முன்னால் ஒரு டி.என்.ஏ. துண்டு நிற்கிறது, புரோமோட்டர் என்று பெயர். அந்த மரபணுவை எப்போது, எவ்வளவு படியெடுப்பது என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது.

ஈரமண்ணிலும் நன்னீரிலும் வாழும் கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசியைப் பார்ப்போம். மருந்துப் புரதங்களை இதில் மலிவாகத் தயாரிக்கலாமே என்பது விஞ்ஞானிகளின் ஆசை. ஆனால் வெளி மரபணுவை உள்ளே நுழைத்தால் மட்டும் போதவில்லை. புகையிலைச் செடியில் நன்றாக வேலை செய்யும் காலிபிளவர் வைரஸின் 35எஸ் புரோமோட்டர் இந்தப் பாசியில் எடுபடவில்லை. வேறு நாட்டு ரயில்வேயின் சிக்னலை நம் டிரைவருக்குக் காட்டியது போலத்தான்!

ஆகவே பாசியின் சொந்தப் புரோமோட்டரான ஆர்.பி.சி.எஸ்.2-ஐப் பயன்படுத்தினார்கள். அதிலும் ஒரு தொல்லை: புகுந்த மரபணுவைப் பாசி பல சமயம் வாயடைத்துவிடுகிறது. 2000-ல் ஜெர்மனியில் ஷ்ரோடா குழுவினர், வெப்பத்தில் விழித்தெழும் எச்.எஸ்.பி.70ஏ புரோமோட்டரை அதற்கு முன்னால் கோத்தார்கள். மரபணு வேலை செய்யும் பாசிகளின் எண்ணிக்கை கூடியது. அடக்குமுறை குறைந்ததே தவிர, முழுவதும் ஒழியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நிட்1 புரோமோட்டர். நீரில் அம்மோனியம் உள்ளவரை அது மூடியே இருக்கும். அம்மோனியத்தை நீக்கி நைட்ரேட் கொடுத்தால் திறக்கும். பாசிக்கே கெடுதல் செய்யும் புரதமானால், முதலில் பாசியை நன்றாக வளரவிட்டு, பிறகு உரத்தை மாற்றினால் போதும்.