கலப்புக் கரைப்பானில் ஜெல் உறைதலும் உருகுதலும்

மாணவர்களே, பெருநாளுக்கும் பிறந்தநாளுக்கும் வீடுகளிற் செய்யும் கடற்பாசியை நீங்கள் உண்டிருப்பீர்கள். சீனியும் பாலும் சேர்க்காது, வெறும் நீரில் 1.5 சதவீத அகாரை இட்டுக் காய்ச்சி ஆறவிட்டாலும் அது கத்தியால் வெட்டக்கூடியதாக உறையும். மீதி 98.5 சதவீதமும் நீரே. இவ்வளவு நீரும் வழிந்தோடாமல் நிற்பது எவ்வாறு?

அகார் என்பது செந்நிறக் கடல் அல்காக்களிலிருந்து பெறப்படும் ஒரு பல்பகுதியம். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். கொதிநீரில் அவை தனித்தனி நூல்களாக மிதக்கும். ஆறும்போது இரண்டிரண்டாக முறுகிச் சுருளிகளாகும். சுருளிகள் பல சேர்ந்து கட்டுகளாகும். இக்கட்டுகளே வலையின் முடிச்சுகள். நீர் அவ்வலையின் கண்களுக்குள் அகப்பட்டுவிடுகின்றது. முடிச்சுகளைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் ஐதரசன் பிணைப்புகள். அவை வலிமை குறைந்தவை. ஆதலால் சூடாக்க அவிழும். வல்கனைசுப்படுத்திய இறப்பரில் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் பங்கீட்டுவலுப் பிணைப்பால் இணைத்துள்ளன. அதனாலேயே இறப்பர் தயர் வெயிலில் உருகுவதில்லை.

இனி, பலர் புள்ளி இழக்கும் இடத்துக்கு வருவோம். "ஜெல் உறையும் வெப்பநிலையிலேயே உருகும்" என்று எழுதுகிறார்கள். பனிக்கட்டிக்கு அது சரி. அகாருக்குப் பிழை. நான் கலைப் பட்டதாரி. முதல் வருடம் நானும் இதைப் பிழையாகவே கற்பித்தேன். அடுப்படியில் வெப்பமானியுடன் நின்று பார்த்த பின்னரே திருந்தினேன். அகார் கரைசல் ஏறத்தாழ 32 முதல் 40 பாகை செல்சியசில் உறையும். உறைந்ததை மீண்டும் உருக்க ஏறத்தாழ 85 பாகை வேண்டும். கட்டு ஒன்று உருவாகிவிட்டால் அதிலுள்ள சுருளிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதே காரணம்.

ஜெலற்றீன் ஒரு புரதம். அதன் ஜெல் ஏறத்தாழ 30 முதல் 35 பாகையிலேயே உருகிவிடும். வாயில் கரைவதும் அதனாற்றான். இது ஒரு காலத்தில் பெரிய இடையூறாக இருந்தது. ரொபேட் கோக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெசே பற்றீரியா வளர்த்த ஜெலற்றீன் ஊடகம் வெப்பத்தில் இளகிப்போயிற்று. 1881 இல் அவருடைய மனைவி ஃபனி ஹெசே, தாம் சமையலுக்குப் பயன்படுத்திய அகாரை இடும்படி கூறினார். இன்றும் ஆய்வுகூடங்களில் அகாரே ஊடகம்.

இதுவரை கரைப்பான் ஒன்றே இருந்தது. இரண்டைக் கலந்தால் என்ன நிகழும்? சராசரி விளைவு என்று எண்ணிவிடாதீர்கள். பொலிவைனைல் அற்ககோல் வெந்நீரிலும் கரையும். டைமெதைல் சல்பொட்சைட்டு என்னும் திரவத்திலும் நன்கு கரையும். ஆனால் டைமெதைல் சல்பொட்சைட்டும் நீரும் 60:40 என்ற கனவளவு விகிதத்தில் கலந்திருக்கையில், அதே கரைசல் ஆறும்போது மிக விரைவாக ஜெல்லாகின்றது. இரு நல்ல கரைப்பான்கள் சேர்ந்து ஒரு மோசமான கரைப்பானாகிவிட்டன! அவ்விரு திரவங்களின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. சங்கிலியைக் கவனிக்க ஆளில்லை. ஆகவே சங்கிலிகள் தமக்குள்ளேயே கைகோத்து, சிறு பளிங்குகளாலான முடிச்சுகளை ஆக்குகின்றன. சூடாக்கினால் இம்முடிச்சுகளும் அவிழும்.

கரைப்பான் அளவுக்கு மீறி மோசமானால் ஜெல்லும் கிடைக்காது. சூடான அகார் கரைசலில் எதனோலை நிறைய ஊற்றிப் பாருங்கள் (அடுப்பை அணைத்துவிட்டு, ஆசிரியர் முன்னிலையில்!). நார்நாராக வீழ்படிவே தோன்றும். ஜாமில் நிகழ்வதும் இதற்கு உறவானதே: சீனி ஒரு கரைப்பான் அன்று; ஆயினும் ஏறத்தாழ 60 சதவீதம் சீனி சேர்கையில் அது நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால், அமிலத்தின் துணையுடன் பெக்ரின் சங்கிலிகள் இணைகின்றன. யூரியா நேர்மாறு, ஜெலற்றீனின் ஐதரசன் பிணைப்புகளைக் குலைத்து உருகும் வெப்பநிலையைக் குறைக்கும்.

பச்சை அன்னாசி இட்ட ஜெலி உறையாதது ஏன் என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். அது நொதியம் புரதச் சங்கிலியை வெட்டுவதால் நிகழ்வது. கரைப்பானைக் குறை கூறவேண்டாம்.

மாதிரி வினா: X என்னும் முகவையிலுள்ள அகார் கரைசல் 95 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஆறவிடப்பட்டது. Y இலுள்ள அகார் ஜெல் 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கப்பட்டது. இரண்டும் ஒரே நிலையில் இருக்குமா?

விடை: இல்லை. X இன்னும் உறையும் வெப்பநிலையை அடையாததால் திரவம். Y இன்னும் உருகும் வெப்பநிலையை அடையாததால் ஜெல். "வெப்பநிலை சமன், ஆகவே நிலையும் சமன்" என எழுதினால் புள்ளி இல்லை.